பன்னிரண்டாம் பொட்டலம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் டெல்லியிலிருந்து தொலைபேசி வந்தது. என் அக்கா மகள் சகுந்தலா போய்விட்டாள். அவளைவிட நாலு வயது மூத்தவன் நான். எமனை ஏழு முறை வாசலோடு திருப்பி அனுப்பிய வீரன். சேதியைக் கேட்டதும் நாற்காலியைத் தேடினேன். மூலக்கூறு உயிரியலில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவள் வாங்கிய பட்டங்கள் தெரியும். அந்தப் பட்டங்களை நான் உப்புப் போட்டு வேகவைத்துத் தின்னப் பார்த்த கதை தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் ஒரு நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, ஆராய்ச்சிப் பண்ணையில் அவள் உதவியாளர். இரண்டு ரகங்களைக் கலந்து மூன்று வருடம் வளர்த்ததில், பன்னிரண்டாம் செடியை மட்டும் இலைப்புள்ளி நோய் தொடவில்லை. திங்களன்று சென்னைப் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்து, தம் ஆய்வுக்கூடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. பதிவேட்டை எழுதி முடிக்க, பிடுங்கிய செடிகளின் காய்களையெல்லாம் செடிக்கொரு பொட்டலமாக எண்ணிட்டு, எங்கள் விழுப்புரம் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பச்சை மல்லாட்டை வீட்டுக்குள் வந்தால் அடுத்த வேலை அடுப்பு மூட்டுவதுதான். ஞாயிறு காலை அவள் குளிக்கப் போனாள், நான் மூட்டினேன். இருந்ததிலேயே பருத்த பொட்டலமாகப் பார்த்து எடுத்தது என் தனித்திறமை.

ஈரத் தலையோடு வந்தவள், பிரித்துக் கிடந்த தாளில் பன்னிரண்டு என்ற எண்ணைப் பார்த்தாள். அழவில்லை.

"அத்தனையும் தின்னுட்டீங்களா மாமா?"

"இதுக்குப் போயி ஏம்மா பேஜாரு பண்ணிக்கினு? மல்லாட்டைக்கு நெத்தியிலயா பேரு எழுதியிருக்கு? சந்தையில வாங்கி ரொப்பிடலாம்."

"எழுதித்தான் மாமா இருக்குது. எங்க எழுதியிருக்குதுன்னு பாக்கத்தான் நான் கெடந்து தவிக்கிறேன்."

மறுநாள் சாட்சி சொல்ல நானும் ரயிலேறினேன். அன்று அந்த வண்டி இமயமலையைச் சுற்றிக்கொண்டுதான் திண்டிவனம் போனது. விக்கிரவாண்டி வருவதற்குள், பதிவேட்டில் அவள் பன்னிரண்டாம் செடிக்கு எழுதியிருந்த வரியை அடித்துவிடச் சொல்லி ஆறு முறை கெஞ்சினேன்.

"அடிச்சா, அப்புறம் நான் எழுதற எதையும் நானே நம்ப மாட்டேன்" என்றாள்.

பேராசிரியர் படித்தார்: "பன்னிரண்டாம் செடி. நோய் இல்லை. காய்கள் வேகவைக்கப்பட்டன. விதை மிச்சமில்லை. காரணம்: தாய்மாமன்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ருசி எப்படி?"

"உப்பு ஒரு கல்லு கம்மிங்க."

அவர் சிரிக்கவில்லை. அதன்பின் நாற்பது நாள் தபால்காரருக்கு நிழலாகத் திரிந்தேன். என்னால் ஒருத்தி வாழ்க்கை கெட்டதென்ற நினைப்பில் இட்டிலிகூட எட்டுக்கு மேல் இறங்கவில்லை. ஒருவழியாகக் கடிதம் வந்தது. வந்து சேரும்படி எழுதியிருந்தார். கடைசி வரி: "பதிவேட்டைக் கொண்டு வரவும். மாமா வேண்டாம்."

பிறகு சென்னை, டெல்லி, கடலுக்கு அப்பால் என்று போய்க்கொண்டே இருந்தாள். மல்லாட்டைக்குள் எழுதியிருந்ததைப் படிக்கவும் கற்றாள். ஆனால் பன்னிரண்டாம் செடியைப் போல இன்னொன்று அவளுக்கு அமையவேயில்லை. ஒருமுறை கேட்டேன். "போச்சு மாமா. போச்சுன்னு எழுதி வெச்சிருக்கேன், அது போதும்" என்றாள். ஆறுதலுக்காகக்கூட அவளுக்குப் பொய் வராது.

எண் எழுதிய அந்தத் தாள் என் பெட்டியில் இருக்கிறது. கூடவே ஒரு பயமும். நேற்று மருமகள் கூடை நிறையப் பச்சை மல்லாட்டை கொண்டு வந்தாள். யாருடையது என்று கேட்டேன்.

"நம்ம கொல்லையில புடுங்கினதுதான் மாமா."

அடுப்பை மூட்டுமுன் இன்னொரு தரம் கேட்டேன்.