ஒத்துக்காத மருந்தை ஊட்டும் வேலை

எந்த மருந்து ஆளைக் கொல்லப் பார்த்ததோ, அதே மருந்தை அவருக்கே சிரித்த முகத்தோடு கொடுப்பதுதான் என் உத்தியோகம்.

மயிலாப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில், அலர்ஜி வார்டு நர்ஸ் நான். வேறு மருந்து வேலைக்காகாது என்று ஆனவர்கள் இங்கே வருவார்கள். துளியூண்டில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உடம்பைப் பழக்குவோம். ஜனங்களோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

தீர்த்தம்

மாடவீதி மாமா ஒருவருக்கு இருதய வால்வில் கிருமி. பென்சிலின்தான் வேண்டும்; அது பட்டாலோ உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுக்கும். பலமுறை தண்ணீர் கலந்து நீர்க்கவைத்த முதல் டோஸைக் குட்டிக் கோப்பையில் நீட்டினேன். காலையிலிருந்து பயந்து நடுங்கியவர், உள்ளே எட்டிப் பார்த்ததும் தெம்பாகிவிட்டார். என்னைக் கலப்படக்காரியைப் போல ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுக்கா என்னை அட்மிட் பண்ணினேள்? எங்காத்துல பெருமாள் தீர்த்தமே இதைவிட ஜாஸ்தி குடுப்பாளே!”

விட்ட இடம்

வேளச்சேரி ஐ.டி. இளைஞருக்கு ஆஸ்துமா, ஆஸ்பிரின் போட்டால் திணறிவிடுவார். மூக்கில் வளரும் சதைக்காக அந்த ஆஸ்பிரினையே பழக்கி, தினமும் போடச் சொல்லி அனுப்பினோம். சில நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான் என்று நான் எச்சரித்தபோது, போனைப் பார்த்தபடியே மிகக் கவனமாகத் தலையாட்டினார். அடுத்த மாதமே வந்து நின்றார். அவர் கோவா போயிருக்கிறார். மாத்திரை வேளச்சேரியிலேயே ஓய்வெடுத்திருக்கிறது. மறுபடி அட்மிஷன் என்றதும் ரொம்ப யோசித்துக் கேட்டார்.

“போன தடவை விட்ட எடத்துலேர்ந்து கன்டினியூ பண்ண ஆப்ஷன் இல்லையா, சிஸ்டர்?”

வேர்வை

மீன் விற்கும் ருக்குமணி அக்கா, நொச்சிக்குப்பம். சினைப்பையில் புற்றுநோய். கட்டியைக் கரைத்துக்கொண்டிருந்த மருந்தே ஒருநாள் திடீரென்று ஆகாமல் போய் முகம் வீங்கிவிட்டது. மாற்று மருந்து அவ்வளவாகக் கேட்காது என்று எங்களிடம் அனுப்பினார்கள்.

டிரிப்பில் ஏற்றினோம்; நீர்த்த மருந்தின் முதல் பாட்டில் சமர்த்தாக இறங்கியது. இரண்டாவதில் அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டார். உதடு தடித்தது, மூச்சு விசிலடித்தது. நான் டிரிப்பை நிறுத்த, டியூட்டி டாக்டர் தொடையில் ஊசி போட்டார். மூச்சு சீராகும்வரை நான் ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் புதிதாக வந்தவர். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாமாம்மா?” என்றார்.

“மூச்சு முட்டுனது எனக்கு. நீ இன்னாத்துக்கு நைனா வேர்த்துக்கினு கீற? ஊத்து!”

பெரிய டாக்டரைக் கேட்டு, வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றினோம். பொழுது சாய்வதற்குள் முழு மருந்தும் உள்ளே போய்விட்டது. ஊசியைக் கழற்றும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று உருகத் தயாரானேன்.

“அடுத்த வாட்டி வஞ்சிரம் எடுத்தாறேன் சிஸ்டரு. உனக்கு மீனு அலர்ஜி கிலர்ஜி ஒண்ணியும் கெடயாதே?”

ஆக, எப்பேர்ப்பட்ட மருந்தையும் உடம்புக்குப் பழக்கிவிடலாம். இந்த ஜனங்களின் வாய்தான், எத்தனை டோஸ் வாங்கியும் எனக்கு இன்னும் பழகவில்லை.