பிறை தெரியாத சனிக்கிழமை

ரம்ஜான் பிறையை முதலாளி வீட்டாரைவிட ஆவலாகத் தேடியது எங்கள் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்ற அக்காதான். இருபத்தொன்பதாம் நோன்பன்று மாலை, கலைந்த சேலையை மடித்துக்கொண்டே வாசல்வரை வந்து, கள்ளக்குறிச்சி கடைத்தெருவுக்கு மேலே வானத்தை அவர் எட்டிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் நோன்பு வைத்தவர் இல்லை. மறுநாள் சனிக்கிழமை. பெருநாள் சனிக்கிழமை வந்தால் ஞாயிறு விடுமுறையும் சேர்ந்து இரண்டு நாள் கிடைக்கும். ஞாயிறே பெருநாள் என்றாகிவிட்டால் ஒரு நாள் பறிபோகும். அக்காவுக்கு இரண்டு நாள் வேண்டியிருந்தது.

கல்வராயன் மலையை இந்தப் பக்கம் கோமுகி அணையில் தொடங்கி அந்தப் பக்கம் கருமந்துறை வரை நடந்தே கடப்பது என்று அவர் முடிவெடுத்திருந்தார். ஒரே மூச்சில் நடக்க எங்களுக்கு ஏது லீவு? ஞாயிறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பார். நிறுத்திய இடத்தில் ஒரு மரக்கிளையில் சேலைக் கிழிசலை முடிந்துவிட்டு பஸ்ஸில் திரும்புவார். அடுத்த முறை அந்த முடிச்சைத் தொட்டுவிட்டுத்தான் முதல் அடி.

"அதான் பஸ்ஸு போவுதே, அப்புறம் இன்னாத்துக்கு நடக்கற?" என்று கிண்டலடிப்போம்.

"நாள் பூரா இந்தக் காலு முதலாளிக்கு நின்னுக்கினு கெடக்குது. ஒரு நாளாச்சும் எனக்கு நடக்கட்டும்."

எங்கள் கடையில் ஸ்டூல் கிடையாது. நாங்கள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று மேனேஜருக்கு ஒரு நம்பிக்கை. மாலையில் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது. அந்தக் காலோடு மலை ஏறுவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பொறாமையாகவும் இருந்தது. கரியாலூருக்கு அப்பால் கடைசித் துண்டுதான் அவருக்குப் பாக்கி. நடுவில் திரும்பிவர பஸ் இல்லாத தடம் என்பதால், மலைக்கிராமம் ஒன்றில் ஓரிரவு தங்கியாக வேண்டும்.

கடை சாத்தும் நேரத்தில், வெளியூரில் பிறை தெரிந்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். "நாளைக்குப் பெருநாள், போங்க" என்று மேனேஜரே எங்களை அனுப்பினார். பிறை உறுதியாகவில்லை, பெருநாள் ஞாயிறுதான் என்று பிறகு பள்ளிவாசலில் முடிவானது எங்களுக்குத் தெரியாது. காலையில் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பெருநாளுக்கு முந்தின நாள் வியாபாரம் என்றால் சும்மாவா? கூட்டம் நெரித்தது. அக்கா முதல் பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தார்.

வழியில் ஏறிய வியாபாரி ஒருவர் மூலம் கண்டக்டருக்கு விஷயம் தெரிந்து, கரியாலூரில் இறங்கும்போது அக்காவிடம் சொன்னாராம். "பெருநாள் நாளைக்குத்தாங்க. இதே வண்டி திரும்புது, ஏறிக்கோங்க." முடிச்சுப் போட்ட மரத்தடியில் அக்கா நின்றுகொண்டே இருந்தாராம். ஏறினால் வேலை தப்பிக்கும். விட்டால், சேர்ந்தாற்போல் இரண்டு நாள் இனி எப்போது வாய்க்குமோ. டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா முடிச்சைத் தொட்டுவிட்டு நடந்தார்.

திங்கட்கிழமை முதலாளியே கூப்பிட்டார். நல்ல மனிதர்.

"தெரியாமப் போயிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. போய் வேலையப் பாரு."

பிறை விஷயத்தில் கடையே தடுமாறியிருந்தது, சொன்னால் எவரும் நம்பியிருப்பார்கள். சொல்லித் தொலையேன் அக்கா என்று நான் மனத்துக்குள் கெஞ்சினேன்.

"தெரிஞ்சிதாங்க போனேன். வெள்ளிக்கெழம நீங்க குடுத்த லீவு அது. குடுத்துட்டு புடுங்கினா எப்டிங்க?"

"அப்போ வேற எடம் பாத்துக்கம்மா."

"செரிங்க" என்றார் அக்கா. குரல் இறங்கவில்லை. சங்கராபுரத்தில் வேறொரு கடையில் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் தோற்றுப்போனதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். மலையைக் கடந்தவர் எப்படித் தோற்றவர் ஆவார் என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

இப்போது நான் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். உட்கார நாற்காலி உண்டு. ஆனால் லீவு வேண்டுமென்றால் காய்ச்சல் வர வேண்டும், இல்லை யாராவது சாக வேண்டும். இல்லாத மாமாக்களையெல்லாம் ஆளாளுக்குக் கொன்று முடித்துவிட்டார்கள். போன வாரம் அதிகாரி முன்னால் போய் நின்று இரண்டு நாள் கேட்டேன்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க சார். நான் நடக்கப் போறேன்."