நல்ல இடம் பார்த்து எடுத்த படங்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு அனுப்பும் ஜோடிகளுக்குத் தோல் பொறுக்குவது என் வேலை. கீறல், உண்ணி கடித்த வடு எதுவும் கண்ணில் படக் கூடாது. தைத்து வந்த ஷூவைக் கிளவுஸ் போட்டுக்கொண்டு துடைத்துப் பெட்டியில் வைப்பதும் நான்தான். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

போன வருடம் இரண்டு கைகளிலும் அரிப்பு வந்தது. சிவந்து, வெடித்து, நீர் கசிந்தது. "தோலுக்குப் போடற கெமிக்கல்தான் ஒத்துக்கல. வேலைய வுட்டுடு" என்று பேரணாம்பட்டு பஸ்ஸில் ஆளுக்கு ஆள் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வேலையை விட்டால் நான் யார் என்றே எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தில்தான், எங்களைப் போன்றவர்களின் கைகளைப் போன் வழியாகவே கவனிக்கும் ஓர் ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தேன். வாரம் ஒரு முறை ஆப்பில் கையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எங்கோ இருக்கும் டாக்டர் பார்ப்பார்.

அனுப்புவது என்று வந்துவிட்டால் எனக்கு ஒரே வழிதான் தெரியும். கையை நன்றாகக் கழுவினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெடிப்பில்லாத ஓரத்தை எடுத்தேன். சரியாக வராததை அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன். ஐந்து வாரம் இப்படியே போயிற்று.

ஆறாவது வாரம் டாக்டரே போன் செய்தார். இளம் பெண்ணின் குரல்.

"அக்கா, கை நல்லா ஆயிடுச்சே! இனிமே படம் அனுப்ப வேணாம், முடிச்சிக்கலாமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா மேடம் நல்லா ஆயிடுச்சு? கையில துணி சுத்திக்கினு ஸ்பூன்ல சாப்ட்னு இருக்கேன். எரிச்சல் முன்னவிட ஜாஸ்தி!"

படம் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். பையருக்குத் தோல் பொறுக்குகிற மாதிரி நல்ல இடமாகப் பார்த்து எடுத்தேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்; சிரித்துவிட்டார்.

"அக்கா, பையர் கண்ணுல படக் கூடாதுன்னு ஒதுக்குவீங்கல்ல, அந்த மாதிரி இடத்ததான் எனக்குக் காட்டணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைக்கவில்லை. இரண்டு கைகளையும் செய்தித்தாள் மேல் விரித்து, பக்கத்து வீட்டு அக்காவைப் படம் எடுக்கச் சொன்னேன். அனுப்பும்போது கூச்சமாக இருந்தது. கழித்துப் போட்ட தோல் துண்டை வேண்டுமென்றே பெட்டியில் வைத்து அனுப்புகிற மாதிரி.

மறுநாளே டாக்டர் கூப்பிட்டார். "மணிக்கட்டுல கோடு போட்ட மாதிரி நிக்குது பாருங்க. கிளவுஸ் அதுவரைக்கும்தானே வரும்?"

பார்த்தேன். தோலை முழங்கை வரை அணைத்துச் சுமந்து நடக்கிறவள் நான்; அதன் கெமிக்கல் என்றால் அங்கேயும் வந்திருக்க வேண்டும். கோட்டுக்கு மேலே ஒரு புள்ளிகூட இல்லை. அவர் அனுப்பிய ஆஸ்பத்திரியில் முதுகில் மருந்துப் பட்டி ஒட்டிப் பரிசோதித்து, கிளவுஸில் இருக்கும் ரப்பர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதி செய்தார்கள். சூப்பர்வைசர் வேறு வகைக் கிளவுஸ் வரவழைத்துக் கொடுத்தார். வேலை தப்பியது.

அந்த டாக்டரின் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசிப் படம் அனுப்ப வேண்டிய நாளில், பழக்க தோஷம், மறுபடியும் கையைத் திருப்பி நல்ல இடம் தேடினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் நன்றாகவே இருந்தது. அன்று முதல் தடவை எடுத்த படத்தையே அழிக்காமல் அனுப்பிவிட்டு, தட்டில் சோறு போட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டேன்.