மேலாக அள்ளிய கரண்டி

டப்பாவைப் படுக்கவைத்து, மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும் அங்கிருந்து இங்கும் உருட்டிக்கொண்டிருக்கிறார். அவசரமில்லை. பிறகு தலைகீழாக நிறுத்துகிறார். மறுபடியும் உருட்டல். அதற்கப்புறம்தான் மூடியில் கை வைப்பார். உள்ளே இருப்பது சாம்பல் நிற உலோகத் தூள். தேய்ந்துபோன இயந்திரத் தண்டுகளின்மேல் அதை உருக்கிப் பீச்சினால் புதுத் தோல் போலப் படியும். வருகிற தூளைச் சோதித்து, உள்ளே விடுவதா திருப்பி அனுப்புவதா என்று சொல்வது அவர் வேலை. தொழிற்சாலையில் அவர் பெயர் சல்லடை சார்.

வீட்டிலும் இதே கதைதான். உப்பு, சோப்புத் தூள், எதையும் உருட்டாமல் திறப்பதில்லை. "நேத்து மிளகுத் தூள் மூடி கழண்டுக்கிச்சு. மனுஷனுக்குத் தும்மல் நிக்கல. தும்மிக்கிட்டே உருட்டுறாரு," என்கிறார் மனைவி.

தூள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும், எல்லோரும் ஸ்பெக் என்கிற விவரக்குறிப்பு ஆறு பக்கம். இரண்டாம் பக்கத்தில் எண்கள். எந்த உலோகம் எத்தனை பங்கு, துகள் எத்தனை பருமன். மைக்ரான் என்பது மயிரிழையைவிட மிக மெல்லிய அளவு. துகள் பதினைந்து மைக்ரானுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் இருக்க வேண்டும்; அதைவிடப் பெரியது நூற்றுக்கு ஐந்து வரை போகலாம். தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார். சோதனைக்கான தூளை டப்பாவிலிருந்து எப்படி எடுப்பது என்று சொல்வது நான்காம் பக்கம். அதில் எண் எதுவும் இல்லை. அதனால் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதைப் படிக்காமலே புரட்டிக்கொண்டு போனார்.

சென்ற ஆண்டு, அவருடைய தங்கையும் தங்கை கணவரும் நடத்தும் தூள் பட்டறையிலிருந்து முதல் சரக்கு வந்தது. சொந்தம் என்று கண்ணை மூடிக்கொண்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. மூடியைத் திறந்தார், மேலாக ஒரு கரண்டி அள்ளினார். பெரிய துகள் நூற்றுக்கு ஒன்பது. மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார்.

அன்று மாலையே மாப்பிள்ளை இவர் வீட்டுக்கு வந்தார். கூடம் நிறைய உறவினர்கள்.

"லாரில குலுங்கி வந்த தூள், மச்சான். பெரிசெல்லாம் மேல வந்துடும். கலக்கிட்டு எடுத்தீங்களா?"

"ஸ்பெக் படிக்கத் தெரிஞ்சவங்க பேசுற விஷயம் மாப்பிள்ளை இது."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை காபிக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதன் பிறகு அந்த வாசற்படியை அவர் மிதிக்கவில்லை.

அந்தச் சரக்கில் சாட்சிக்கென்று நிறுத்திவைத்திருந்த ஒரு டப்பா, சில வாரம் கழித்து அலமாரியை மாற்றும்போது கைநழுவி அறை நீளத்துக்கும் உருண்டு சுவரில் முட்டி நின்றது. சும்மாதான் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தார். மூன்று வந்தது. இன்னொரு கரண்டி எடுத்தார். அதுவும் மூன்று. அன்றுதான் நான்காம் பக்கத்தைப் படித்தார். முதல் வரியே, திறக்குமுன் உருட்டிக் கலக்கச் சொன்னது.

"என்ன சார், காதெல்லாம் செவந்திருக்கு? காய்ச்சலா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"ஒண்ணுமில்ல."

யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் உருட்டுகிறார்.

தங்கை சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. அவளோ போகிற இடமெல்லாம், "எங்கண்ணன் தங்கச்சின்னுகூடப் பாக்கல. அதான் மனுஷன்," என்று பெருமை பேசினாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தூள் அடைத்த ஒரு சின்னப் புட்டியோடு வந்தாள்.

"இன்னும் நெருக்கமான சல்லடை போட்டிருக்கோம் அண்ணா. கால்வாசித் தூள் கழிவாப் போகுது, கட்டுப்படியாகல. இதையும் நீ ஆகாதுன்னு சொல்லிட்டா உலைய அணைச்சுட்டு இடத்த வித்துடலாம்னு இருக்கேன். அவருக்கு மனசில்ல. மொத தூளே சரிதான்னு இன்னும் சொல்லிட்டிருக்காரு."

சல்லடை சார் புட்டியைத் தொடவில்லை.

"அவர் சொன்னது சரி," என்றார்.

"எது?"

"கலக்காம மேலாக அள்ளிட்டேன். அப்புறம் ஒழுங்கா எடுத்துப் பாத்தேன். மூணுதான். நல்ல தூள்மா அது."

அடுப்படியில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

"எப்பப் பாத்த?"

"போன மழைக்கு முன்னாடி."

"அண்ணன் தப்பாப் பாக்க மாட்டாருன்னு தெனம் அவர் வாய நான் அடைச்சிட்டிருக்கேன். நீ இங்க நல்ல பேர் வாங்கிட்டு உக்காந்திருந்திருக்க."

"நாளைக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுறேன்."

"ஆபீஸ் கெடக்கட்டும்."

கைப்பேசியை எடுத்துக் கணவரை அழைத்தாள். "அண்ணா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு நீட்டினாள்.

"சொல்லுங்க மச்சான்," என்றது குரல்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, கைப்பேசியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.