நம்பர் போடாத பில்

தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்கிறேன். பில்லில் என் நம்பர் விழுந்தால்தான் எனக்குக் கமிஷன். அந்த நம்பருக்காகப் பக்கத்துக் கவுண்டர்க்காரியோடு சண்டை போடாத நாளில்லை. சரியான வாய்க்காரி. ஆனால் இறந்தவர்மேல் போர்த்தும் கோடிச் சேலைக்கு மட்டும் நாங்கள் யாருமே நம்பர் போடுவதில்லை. அந்தக் காசு எங்களுக்கு வேண்டாம்.

கூடலூரில் அம்மா போய்விட்டதாகக் கடையில் நிற்கும்போதுதான் போன் வந்தது. அழுகை வரவில்லை. கோடி எடுக்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும் என்று பரபரத்தேன். அந்தக் கவுண்டர்க்காரிதான் என்னை வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"நீ இருத்தா, நான் எடுத்துத் தாரேன்."

மெத்தென்ற நூல் சேலை ஒன்றை மடித்துத் தந்து, பில்லையும் நீட்டினாள். நம்பர் போடும் இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அம்மா செத்துப்போனது எனக்கு உறைத்தது.