கேட்டில் மாட்டிய முக்கோணம்

அடுத்த மாதம் விமானி வகுப்பு. பள்ளியோடு மறந்துபோன கணக்கை இப்போதுதான் தூசி தட்டுகிறேன்.

பாடப் புத்தகத்தில் வரும் ஊர்கள் எனக்குத் தெரியாதவை. மனதில் நிற்கட்டுமே என்று எங்கள் ரப்பர் தோட்டத்தை வைத்தே கணக்குப் போட்டேன். ரப்பர் பால் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்திலிருந்து காட்டோரம் எவ்வளவு தூரம், எந்தத் திசை, காற்று விமானத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்று ஒரு முக்கோணம்.

இன்று காலை கோலா பிலா பஸ்ஸுக்குப் போகும்போது முள்வேலி கேட்டில் சோதனை. மலாயாவில் அவசரகாலமாயிற்றே; காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கடத்தக் கூடாது. என்னிடம் அரிசி தேடிய காவல்காரர் மாணிக்கம் அண்ணன் கையில் அந்தத் தாள் சிக்கியது.

"என்னடா இது? காட்டுல இருக்கிறவனுக்கு வழி போட்டுக் குடுக்கிறியா?"

"கணக்குண்ணே. ஏரோப்ளேன் ஓட்டப் படிக்கப் போறேன்."

"வேலியத் தாண்டவே உனக்குப் பாஸ் வேணும் லா. இதுல ஏரோப்ளேனா?"

தாள் போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டது. நாளை எனக்கு விசாரணை. வகுப்புக்கு நன்னடத்தைச் சான்று தர வேண்டியதும் அதே நிலையம்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், காற்றை எதிர்ப்பக்கம் போட்டிருக்கிறேன். அந்தத் தாளை நம்பிக் காட்டிலிருந்து கிளம்புகிறவன் நேராகப் போலீஸ் நிலையத்தில்தான் வந்து நிற்பான்.

கணக்கு தப்பு என்று ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள். ஆனால் வகுப்பில் யார் சேர்ப்பார்கள்?

நீங்களே சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளட்டுமா?