பதினொன்றுக்கும் ஒன்பதரைக்கும் இடையில்

டொக்டரின் கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதுவரை என் வயிற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போன கருவி, தொப்புளுக்குக் கீழே இடப்பக்கமாக நின்று, சற்று அழுத்தி, விலகி, திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. அதுவரை அவர் பேசிக்கொண்டே இருந்தார். இது முதுகெலும்பு, இது கால், இதோ இதயத்தின் நாலு அறைகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு பேச்சு நின்றது. திரையில் இரண்டு சின்னக் குறிகளை வைத்து எதையோ அளந்தார். அழித்தார். மறுபடி அளந்தார். மூன்றாம் முறை அவர் அளந்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். என் மூச்சு அசைந்து அளவைக் கெடுத்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அது மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தனியார் கிளினிக். எனக்கு ஐந்தாம் மாதம், முதல் பிள்ளை. மூளைக்குள் நீர் நிற்கிற அறைகள் எல்லாருக்கும் உண்டு என்று டொக்டர் சொன்னார். அகலம் பத்து மில்லிமீற்றர் வரை இருக்கலாம். என் பிள்ளைக்குப் பதினொன்று. "ஒண்டுமில்லாமலும் இருக்கலாம், ஏதாவது இருக்கவும் கூடும். இப்ப சொல்ல ஏலாது" என்றார். இரண்டு குடும்பத்திலும் தலையில், மூளையில் நோயோடு யாராவது பிள்ளை பிறந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கணவரும் இல்லை என்றார். நாலு கிழமை கழித்து வரச் சொன்னார்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தேற்றாத்தீவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வரும் வரை கணவர் மோட்டார் சைக்கிளை நடைவேகத்தில்தான் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நிறுத்தினார். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். எந்த அளவிலும் பிழை இருக்கும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள். வீட்டுக்கு வந்ததும் அடிமட்டத்தை எடுத்து, ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குக் கோடு போட்டுப் பார்த்தேன். கோடு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு அன்று பின்னேரம் முழுவதும் இருந்தேன். போனில் தேடினேன். ஒரு பக்கத்தில் பயப்பட வேண்டாம் என்றிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தை வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தேன்.

நாலு கிழமை பொறுக்க என்னால் முடியவில்லை. மூன்றாம் நாளே நகரத்தில் இன்னொரு டொக்டரிடம் போனோம். அவர் அளந்துவிட்டு ஒன்பதரை என்றார். எல்லாம் சரியாக இருக்கிறது, வீணாக யோசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கணவருக்கு உயிர் வந்தது. எங்களோடு இருந்த என் அம்மா, தான் மாமாங்கேஸ்வரருக்கு வைத்த நேர்த்தி பலித்துவிட்டது என்றார். எனக்கோ முன்பிருந்ததைவிடப் பயம் கூடியது. மூன்று நாளில் ஒரு பிள்ளையின் தலைக்குள் ஒன்றரை மில்லிமீற்றர் எங்கே போகும்? இரண்டு ரிப்போர்ட்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒருவர் பிழையாக அளந்திருக்கிறார். யார் என்றுதான் தெரியவில்லை. நல்லதைச் சொன்னவரை நம்பு என்று அம்மா சொன்னார். நல்லதைச் சொன்னார் என்பதாலேயே எனக்கு அவரை நம்பப் பயமாக இருந்தது.

கண்டியில் கருவிலுள்ள பிள்ளைகளை மட்டும் பார்க்கிற ஒரு டொக்டர் இருப்பதாக என்னோடு படிப்பிக்கிற ஒரு ஆசிரியை சொன்னார். நாள் எடுத்தோம். போவதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானத்தில், மாமி வந்தார்.

மாமி, என் கணவரின் தாய், அமிர்தகழியில் தன் இளைய மகளோடு இருந்தார். பாடசாலைச் சீருடைகள் தைப்பது அவருடைய தொழில். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் மாமி எங்கள் வீட்டுக்கு விருந்தாளி போலத்தான் வந்து போவார். நல்ல நாள் பெருநாளில் வருவார், கதிரையின் விளிம்பில் இருப்பார், தேத்தண்ணி குடிப்பார், வெயில் தாழ முன்னம் பஸ் ஏறிவிடுவார். அன்றைக்குச் சொல்லாமல் வந்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார், அம்மா கடைக்குப் போயிருந்தார். மாமி நேரே குசினிக்கு வந்து, நான் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்த இறால் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இறாலை உரித்தார்.

"புள்ள, நான் ஒங்களுக்குச் சொல்லாம விட்டது ஒண்டு இரிக்கு" என்றார்.

என் கணவருக்கு முன்னால் அவருக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்திருந்தது. அந்தப் பிள்ளையின் தலை வளர்ந்துகொண்டே போனது. மாமி தன் தையல் நாடாவால் கிழமைக்கு ஒரு தரம் தலையைச் சுற்றி அளந்து பார்ப்பாராம். சண்டைக் காலம். கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். பாதை திறக்கவில்லை. திறந்தபோது பிள்ளை இல்லை. ஒரு வயதும் எட்டு மாதமும் இருந்தது. மாமாவின் ஆட்கள், இது இவள் ரெத்தத்தில் இருக்கிற கோளாறு என்றார்கள். அடுத்ததாக மகன் பிறந்ததும் மாமியும் மாமாவும் படுவான்கரையிலிருந்த ஊரை விட்டு, வாவியைக் கடந்து அமிர்தகழிக்கு வந்துவிட்டார்கள். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. மகனுக்கும் தெரியாது. மாமாவும் யாரிடமும் சொல்லாமலே செத்துப்போனார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் குரலை உயர்த்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். மாமி இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"சொல்லியிருந்தா நீ இவனக் கட்டியிருப்பியா?"

நான் இறால் கோதுகளைக் கூட்டி அள்ளினேன்.

டொக்டருக்கு நான்தான் சொல்ல வேண்டும், நானும் கண்டிக்கு வருகிறேன் என்றார். மகனுக்கும் தானே சொல்வதாகச் சொன்னார். "அதுவரைக்கும் நீ அவன்ட ஒண்டும் கதைக்காத" என்று கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். கணவர் என் வயிற்றில் காதை வைத்து, பிள்ளை அசைகிறது என்று சிரிக்கும்போது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறாவூரில் ஒரு முஸ்லிம் நானாவின் வாடகை வானைப் பிடித்துக்கொண்டு விடியவே வெளிக்கிட்டோம். மகியங்கனை கடந்து மலை ஏறத் தொடங்கியதும் அந்த நானா வளைவுகளில் வானை அப்படி மெதுவாகத் திருப்பினார். "தங்கச்சி, குலுங்கினாச் சொல்லுங்க" என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கேட்டார். மாமி முன் சீற்றில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று தரம் பின்னால் திரும்பி மகனைப் பார்த்தார். சொல்லப்போகிறார் என்று ஒவ்வொரு தரமும் நினைத்தேன். பசிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அந்த டொக்டர் நரைத்த தலையோடு இருந்த ஒரு சிங்கள அம்மா. எங்களோடு ஆங்கிலத்தில் கதைத்தார். தமிழ் ஓரிரு சொல்தான் தெரியும். அரை மணித்தியாலத்துக்கு மேல் பார்த்தார். டொக்டர்மாரின் மௌனத்தை அதற்குள் நான் படிக்கப் பழகியிருந்தேன். இந்த மௌனத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் பத்தரை என்றார். இப்போது என் கையில் மூன்று எண்கள் இருந்தன.

பிறகு, குடும்பத்தில் யாருக்கேனும் இப்படி இருந்ததா என்று கேட்டார். கணவர் இல்லை என்று தலையாட்டத் தொடங்கியபோதே, வாசற்கதவோரம் நின்ற மாமி "இரிக்கு" என்றார்.

அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. கணவர் தன் தாயின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தனக்கொரு அக்கா இருந்தாள் என்பதை அவர் அந்த அறையில், இரண்டு மொழியில் கேட்டார். டொக்டர் குறுக்கிட்டுக் கேள்விகள் கேட்டார். பிறக்கும்போது தலை எப்படி இருந்தது? மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தது. மூன்று மாதம் வரை? நன்றாக இருந்தாள், குப்புற விழப் பார்ப்பாள். பிறகு? பிறகு காய்ச்சல். எத்தனை நாள்? நாலு நாள் அனலாகக் கொதித்தது, வலிப்பு வந்தது, கழுத்தைத் திருப்ப விடமாட்டாள், பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் தலை பெருத்ததா? மாமி யோசித்தார். "ஓம். அதுக்குப் பொறகுதான்" என்றார்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு மாமியைப் பார்த்துக் கதைத்தார். மூளையை மூடியிருக்கிற சவ்வில் கிருமி பிடித்த காய்ச்சல் அது. நீர் ஓடுகிற வழி அதனால் அடைபட்டிருக்கிறது. பழைய ஆஸ்பத்திரித் துண்டுகள் இல்லாமல் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பிறவியில் வந்ததல்ல, தாயிடமிருந்து வந்ததுமல்ல. இந்த வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நான் அதை மாமிக்குச் சொன்னேன்.

"ரெத்தமில்லையாமா?"

"இல்ல மாமி. காய்ச்சலாம்."

"திருப்பிக் கேளு புள்ள."

திருப்பிக் கேட்டேன். டொக்டர் என்னிடம் பதில் சொல்லவில்லை. மாமியைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா பிழை இல்ல" என்றார். மாமி கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அவர் சுமந்ததை யாரும் அதுவரை ஒரு டொக்டரிடம் கேட்கவில்லை. வெளியே வந்ததும் கணவர் அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். மாமி சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அவர்கள் இருவருக்கும் உரியது.

எனக்குக் கிடைத்தது "பெரும்பாலும்" என்ற ஒரு சொல். வேறு குறை எதுவும் தெரியவில்லை, பெரும்பாலும் இப்படியான பிள்ளைகள் நன்றாகவே இருப்பார்கள், இரத்தம் சோதித்துப் பார்ப்போம், மாதாமாதம் அளப்போம் என்று டொக்டர் சொன்னார். முதல் இரண்டு எண்களும் பிழையில்லை, கோணம் கொஞ்சம் மாறினாலே இவ்வளவு வித்தியாசம் வரும் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது மாமி வாய் திறந்தபடி தூங்கினார். அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. நான் பெரும்பாலும் என்ற சொல்லோடு இன்னும் நாலு மாதம் இருக்க வேண்டும்.

இருந்தேன். இரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை. ஏழாம் மாதம் பத்து, எட்டாம் மாதமும் பத்து, ஒன்பதாம் மாதம் ஒன்பதரை. ஒவ்வொரு தடவையும் மாமி அமிர்தகழியிலிருந்து வந்து கிளினிக் வாசலில் எனக்கு முன்னாலேயே நின்றார். மகள் பிறந்து, அழுது, பால் குடித்தாள். மூன்றாம் நாள் உச்சிக்குழியின் வழியாக ஸ்கேன் பண்ணினார்கள். மூன்று மாதத்தில் ஒரு தரம், ஒரு வயதில் ஒரு தரம். அதற்குப் பிறகு இனி வரத் தேவையில்லை என்றார்கள். சரியாகிவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளை பதினேழு மாதத்தில்தான் நடந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வயதில் நடந்தது. நடுவிலிருந்த அந்த ஐந்து மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று என் கணவருக்குக்கூடத் தெரியாது. இப்போது நாலு வயது. வாய் ஓயாமல் கதைக்கிறாள். ஓடி விழுந்தால் மற்றத் தாய்மார் முழங்காலைப் பார்ப்பார்கள். நான் இன்னும் தலையைத்தான் பார்க்கிறேன்.

போன மாதம் மகளுக்குத் தடிமன், மூக்கடைப்பு என்று சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தோம். மாமியும் வந்திருந்தார். அன்று கர்ப்பிணித் தாய்மாருக்கும் கிளினிக் நாள். காத்திருக்கிறவர்களுக்கான வாங்கின் ஓரத்தில் ஒரு இளம் பெண் தனியே இருந்தாள். ரிப்போர்ட்டை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். அந்தக் கையை எனக்குத் தெரியும். எதைச் சொல்லி அவளருகில் போவது என்று எனக்குத் தெரியவில்லை. மாமி எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். ரிப்போர்ட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊர், சாப்பிட்டாயா என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணும், மரியாதைக்காகத்தான், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் அம்மா என்று கேட்டாள். யார் கேட்டாலும் மாமி இரண்டு என்றுதான் சொல்வார், நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

"மூண்டு" என்றார் மாமி. "மூத்தவ பொம்புளப் புள்ள. தையல் மெஷின் சத்தம் கேட்டாச் சிரிப்பா."